வன்னிக் கமமும் உழவு இயந்திரமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழர் சமூக வரலாற்றில் நிலவுடைமை, சாதியமைப்பு, கோயில், கல்வி ஆகியன பெற்ற கவனத்தை உழைப்புக் கருவிகள் பெறவில்லை. கலப்பையும் நுகமும் நாட்டார் வழக்காற்று ஆய்வுகளில் ஓரளவுக்கேனும் இடம்பெற்றுள்ளன. அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்ட உழவு இயந்திரமோ அண்மைக்காலத்துப் பொருள் என்ற காரணத்தால் வரலாற்றுக்குப் புறம்பானதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் சென்ற எழுபது ஆண்டுக்கால வாழ்வை இவ்வியந்திரத்தை விலக்கிவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது. அது காட்டை வயலாக்கியது, கூலியுறவுகளை மாற்றியது, போர்க்காலத்திற் குடும்பங்களைச் சுமந்து சென்றது. இம்மாற்றங்களின் பொருளியல் அடிப்படைகளை நோக்குவதும், உழவையும் இழுவையையும் போட்டியாக நடத்தும் உலக வழக்கத்தோடு வன்னியின் அனுபவத்தை ஒப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

எருதும் எருமையும்

ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், குளத்தை மையமாகக் கொண்ட சிற்றூர்களின் வாழ்வை அறிய உதவும் முக்கிய ஆவணமாகும். குளத்து நீர் பாயக்கூடிய அளவே வயல். அவ்வயலை உழத்தக்க அளவே மாடு. மாரி மழையை நம்பிய காலபோகமே பிரதான போகமாக இருந்தது. குளத்தில் நீர் எஞ்சிய ஆண்டுகளில் மாத்திரம் சிறுபோகம் செய்யப்பட்டது.

வயலைப் பதப்படுத்துவதில் இரு முறைகள் நிலவின. முதல் மழையின் ஈரத்தோடு எருது பூட்டி உழுது, புழுதியில் விதைப்பது ஒன்று. நீரைக் கட்டி நிறுத்தி, எருமைப் பட்டியை வயலில் இறக்கி மிதிக்கவிட்டுச் சேறாக்கி விதைப்பது மற்றொன்று. எருமையின் குளம்பு மண்ணை நசித்து இறுக்குவதால் நீர் கீழே கசிவது குறைந்தது. அதன் சாணம் வயலுக்கே எருவாயிற்று. அறுவடைக்குப் பின்னர் சூடு மிதிப்பதற்கும் மாடுகளே பயன்பட்டன. களத்தில் நெல்லைப் 'பொலி' என்று வேறு பெயரால் வழங்கிய மரபு, உற்பத்தியோடு நம்பிக்கையும் சடங்கும் பின்னிக் கிடந்தமையைக் காட்டுகின்றது.

இம்முறையை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்று நேர்மையாகாது. பட்டி மாடு எல்லோரிடமும் இருக்கவில்லை. பட்டியுடையவர் தமது வயலை முதலில் முடித்த பின்னரே ஏனையோருக்கு மாடு கிடைத்தது. மழை காத்திருப்பதில்லையாதலால் மாடில்லாதவன் பருவத்தைத் தவறவிட்டான். உழவுவலுவை உடையவனுக்கும் அதனை இரந்து நிற்பவனுக்கும் இடையிலான வேறுபாடு இயந்திரத்தோடு தோன்றியதன்று; அதற்கு முன்னரே வேர்கொண்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

குடியேற்றமும் இயந்திரத்தின் வருகையும்

வன்னியில் இயந்திரம் நிலைபெறுவதற்கு முன்னர் மூன்று மாற்றங்கள் நிகழவேண்டியிருந்தன. முதலாவது நீர்ப்பாசனம். கனகராயன் ஆற்றை மறித்து அமைக்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. பின்னாளில் வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்கள் திருத்தப்பட்டன. இரண்டாவது நிலப் பங்கீடு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் அரச காணியைக் கமக்காரருக்கு வழங்கும் சட்டப் பின்னணியை ஏற்படுத்தியது. மூன்றாவது மலேரியாவின் வீழ்ச்சி. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிக்கும் இயக்கம் பரவியதன் பின்னரே யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தோர் அங்கு நிலைத்து வாழ முடிந்தது.

குடியேற்றத் திட்டங்களில் ஆரம்பத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டு நிலமும் வழங்கப்பட்டன. பின்னர் இவ்வளவு குறைக்கப்பட்டது. குடாநாட்டிற் சில பரப்பு நிலத்தை மண்வெட்டியால் கொத்தியும் கிணற்று நீரை இறைத்தும் தோட்டஞ் செய்தவனுக்கு 5 ஏக்கர் வயல் என்பது முற்றிலும் புதியதோர் அளவாகும். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் கல்லாக இறுகும். நனைந்தால் காலைப் பிடிக்கும். உழவுக்கு ஏற்ற ஈரம் சில நாள்களே நிற்கும். அச்சில நாள்களுக்குள் ஒரு சோடி எருதைக் கொண்டு அத்தனை நிலத்தையும் உழுது முடித்தல் அரிது. கூலியாட்களும் குறைவு. எனவே, நிலம் மிகுந்தும் ஆள்வலு அருகியும் இருந்த ஒரு புதிய சமூகத்தின் தேவையே இயந்திரத்தை வரவழைத்தது எனலாம். அடர்ந்த குடிசனமும் துண்டுபட்ட நிலமும் கொண்ட குடாநாட்டில் இயந்திரம் அதே வேகத்திற் பரவாமைக்கும் இதுவே காரணமாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியக் கைத்தொழில் தனது உற்பத்திக்குச் சந்தை தேடிக்கொண்டிருந்த காலமும் அதுவே. ஹரி பெர்குசன் வடிவமைத்த ரி.ஈ.20 என்ற சிறிய இயந்திரம் 1946 முதல் 1956 வரை கொவென்றியில் ஐந்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தி செய்யப்பட்டது. கலப்பையை மூன்று புள்ளிகளில் இணைத்து, நீரியல் அழுத்தத்தால் உயர்த்தவும் தாழ்த்தவும் செய்தமை அவரது புதுமை. அதனால், கலப்பை மண்ணை இழுக்கும்போது எழும் எதிர்விசையே பின்சில்லுகளை நிலத்தோடு அழுத்தியது. பாரங் குறைந்த இயந்திரமும் ஆழமாக உழ முடிந்தது. 1953இல் அவரது நிறுவனம் கனடாவின் மசி ஹரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அதன் வழிவந்த மசி பெர்குசன் 35, 135 ஆகிய வகைகள் வன்னியில் நெடுங்காலம் நின்று உழைத்தன. வன்னி வழக்கில் இயந்திரம் 'மிசின்' ஆயிற்று. அதன் பின்னே பூட்டும் சுமையூர்தி 'பெட்டி' ஆயிற்று. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'டாஃபே' நிறுவனம் அதே மசி பெர்குசனைத் தயாரித்தமையால், பிற்காலத்தில் அவ்வியந்திரம் தமிழகத்து உற்பத்தியாகவும் இலங்கைக்கு வந்தது.

இரு சில்லு இயந்திரத்தின் கதை தனியாக நோக்கத்தக்கது. இலங்கையரான பொறியியலாளர் றே விஜயவர்த்தன (1924–2010) 1950களில் ஆசிய நெல்வயலுக்கென வடிவமைத்த 'லான்ட்மாஸ்டர்' பிரித்தானியாவில் உற்பத்தியாகி இங்கு வந்தது. பின்னர் யப்பானிய, சீன இயந்திரங்கள் வந்தபோதும், எந்த நிறுவனத்து இரு சில்லு இயந்திரத்தையும் 'லான்ட்மாஸ்டர்' என்றே அழைக்கும் வழக்கம் வன்னியில் நிலைத்துவிட்டது. அதனை ஆக்கியவரே பின்னாளில் அதன் பயனை ஐயுற்றமை இங்கு கருதத்தக்கது. எருமையின் வேலையை இயந்திரமயமாக்கினோமேயன்றிக் கமத்தொழிலை முன்னேற்றவில்லை என்ற கருத்துக்கு அவர் வந்தார். 1970களில் நைஜீரியாவின் இபடான் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உழாமலே பயிர்செய்யும் முறைகளில் ஈடுபட்டார். அயலவர் கருவியை அப்படியே ஏற்பதா, நமது மண்ணுக்கேற்ப மாற்றுவதா என்ற வினாவோடு நில்லாது, உழவே எவ்வளவு வேண்டும் என்ற அடிப்படை வினாவை எழுப்பியவர் அவர்.

இயந்திரம் யாருடையது?

இயந்திரம் விளைச்சலைப் பெருக்குகின்றதா என்பது 1970களில் தென்னாசியா முழுவதிலும் விவாதிக்கப்பட்டது. ஹன்ஸ் பின்ஸ்வாங்கர் 1978இல் பல கள ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, உழவு இயந்திரத்தினால் மட்டும் ஏக்கர் விளைச்சலோ பயிர்ச் செறிவோ குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தமைக்குச் சான்றில்லை என்ற முடிவுக்கு வந்தார். இயந்திரம் பெரும்பாலும் மாட்டினதும் மனிதனதும் உழைப்பின் இடத்தையே பிடித்தது. ஆகவே, இயந்திரம் எவ்வளவு உழுதது என்ற வினாவோடு அதன் ஆதாயம் யாரைச் சேர்ந்தது என்ற வினாவையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

வன்னியில் இதற்கான விடை உடைமையில் தங்கியிருந்தது. 5 ஏக்கர் கமக்காரன் ஒருவன் தன் வயலுக்கென நான்கு சில்லு இயந்திரம் வாங்குதல் பொருளாதார ரீதியில் இயலாது. வாங்கியவர்கள் பெருநிலங் கொண்டோரும், கடையும் நெல் வணிகமும் நடத்தியோரும், குடாநாட்டிலிருந்துகொண்டே வன்னியில் வயல் செய்வித்தோருமாவர். ஏனையோர் ஏக்கருக்கு இவ்வளவு எனக் கூலி கொடுத்து உழுவித்தனர். பலர் உழவுக்கூலியைக் கடனாக வைத்து, அறுவடையின்போது நெல்லாகக் கொடுத்தனர். அதே இயந்திரமே சூடு அடித்தது; அதே பெட்டியே நெல்லை ஏற்றிச் சென்றது. உழவு, சூடடிப்பு, ஏற்றிறக்கம், கடன், நெற்கொள்வனவு ஆகியன ஒருவர் கையிற் குவியும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணி உடைமைக்கு 25 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. உழவுவலுவின் உடைமையை இவ்விரு சட்டங்களும் தொடவில்லை.

இதே காலப்பகுதியில் வன்னியின் உழைப்பாளர் அமைப்பும் மாறியது. 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களும், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களிற் பரவிய பட்டினியும் மலையகத் தமிழரை வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குத் தள்ளின. காடு வெட்டியதிலும் வரம்பு கட்டியதிலும் களை பிடுங்கியதிலும் அவர்களது உழைப்புப் பெரும் பங்கு வகித்தது. அவர்களுட் பலருக்கு நிலவுரிமை கிடைக்கவில்லை. இயந்திரத்தைச் செலுத்தியவர்களாகவும் பெட்டியில் மூடை ஏற்றியவர்களாகவும் அவர்கள் இருந்தனர். உடைமையாளராக மிகச் சிலரே உயர்ந்தனர். வன்னி வளம்பெற்ற கதையை இயந்திரத்தின் வெற்றியாக மட்டும் கூறுவோர் இவ்வுழைப்பை மறைத்துவிடுகின்றனர்.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் மிளகாய், வெங்காய இறக்குமதி தடைப்பட்டதால் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இளைஞர் திட்டங்களிற் பணப்புழக்கம் பெருகியது. அதே இறக்குமதிக் கட்டுப்பாடு இயந்திர உதிரிப்பாகங்களையும் அரிதாக்கிற்று. உடைந்ததை எறியாது ஒட்டியும் கடைந்தும் இன்னொன்றின் உறுப்பைப் பொருத்தியும் இயக்கும் கைவினைத் திறன் வன்னியின் திருத்தகங்களில் வளர்ந்தது. 1977இன் இறுதியிற் கொணரப்பட்ட திறந்த பொருளாதாரக் கொள்கை புதிய இயந்திரங்களுக்கு வழிவிட்டபோதும் மிளகாய், வெங்காய விலையை வீழ்த்தியது. வாங்குதல் எளிதாகிய வேளையில் வாங்கும் வலு குன்றியது என்பதே சிறு கமக்காரரின் அனுபவமாயிற்று.

உழவுப் போட்டியும் இழுவைப் போட்டியும்

மேலைநாடுகளில் உழவு இயந்திரம் விளையாட்டுக் கருவியாகவும் வளர்ந்துள்ளது. முதலாவது உலக உழவுப் போட்டி 1953இல் கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்துக் கோபேர்க் நகரில் நடைபெற்றது. சால் நேராக ஓடுகின்றதா, மண் சீராகப் புரள்கின்றதா, களையும் அரிதாளும் மூடப்படுகின்றனவா என்பனவே அங்கு நடுவர் நோக்கும் அம்சங்கள். வேகம் அங்கு முதன்மையன்று. இழுவைப் போட்டியோ வேறு வகையினது. ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி, ஒகையோ மாநிலங்களில் 1929இல் அது இயந்திரத்தைக் கொண்டு நடத்தப்பட்டது. 1969இல் அதற்கெனத் தேசியச் சங்கம் அமைந்தது. முன்னே செல்லச் செல்லப் பாரம் இழுவையின் முன்புறத்துக்கு நகர்ந்து சுமையை மிகுவிக்கும் ஒரு சறுக்கு வண்டியை எந்த இயந்திரம் கூடிய தூரம் இழுக்கின்றது என்பதே போட்டி. பழைய மாதிரி இயந்திரங்களுக்கெனத் தனிப் பிரிவுகளும் உண்டு. பஞ்சாபில் இரு இயந்திரங்களைப் பிணைத்து எதிரெதிர்த் திசையில் இழுக்கவிடும் 'டோச்சன்' என்ற போட்டி பரவலாகியது. 2023 ஒக்ரோபரில் கிராமிய விளையாட்டு விழாவொன்றிற் சாகசம் செய்த இளைஞர் இறந்ததைத் தொடர்ந்து, இயந்திரச் சாகசங்களை அம்மாநில அரசு தடைசெய்தது.

இத்தகைய போட்டி வன்னியில் ஏன் ஒரு மரபாக உருவாகவில்லை? இதற்கு மண்ணியல் சார்ந்த விடையொன்றும் பொருளியல் சார்ந்த விடையொன்றும் உள.

இழுவிசை என்பது சில்லின்மேல் அழுந்தும் பாரத்தையும் மண்ணின் பிடிப்பையும் பொறுத்தது. இழுவைப் போட்டிக்காரர் இயந்திரத்தின் முன்னே இரும்புப் பாரங்களைத் தொங்கவிடுவதும், உறுதியான மண்தரையைத் தேர்வதும் இதனாலேயாம். சேற்று வயலில் இவ்விதி தலைகீழாகின்றது. பாரம் மிகுந்தால் இயந்திரம் புதையும். சேற்றின் கீழேயுள்ள இறுகிய மண்படை உடைந்தால் அடுத்த போகத்தில் நீர் நில்லாது. ஆகவே பாரத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பின்சில்லோடு அகன்ற இரும்புச் சில்லைப் பூட்டி, பாரத்தைப் பரப்பி, மிதந்து செல்வதே வன்னிச் சாரதியின் திறனாகும். புதைந்த இயந்திரத்தை மரக்குற்றி இட்டும் மற்றோர் இயந்திரத்தைக் கயிற்றாற் பிணைத்தும் வெளியே எடுத்தல் ஒவ்வொரு மாரியிலும் நிகழும் இழுவையாகும். அதற்கு நடுவருமில்லை, பரிசுமில்லை.

பொருளியல் விடை இதனினும் முக்கியமானது. ஒரு கருவி உற்பத்தியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே அது பழம்பொருளாகப் போற்றப்படும் வாய்ப்புப் பெறுகின்றது. இங்கிலாந்தில் ஒரு பழைய பெர்குசன் வாரவிறுதியில் மாத்திரம் கொட்டிலிலிருந்து வெளியே வருமாயின், அதன் உடைமையாளருக்கு உழைத்துக் கொடுக்கப் புதிய இயந்திரம் வேறொன்று உண்டு என்பது பொருள். வன்னியில் 1960களின் இயந்திரம் அடுத்தடுத்த தலைமுறைகளிலும் உழவேண்டியிருந்தது. டீசலுக்கும் ரயருக்கும் கணக்குப் பார்க்கும் ஒருவர் அதனைப் போட்டிக்கு விட்டு உடைக்கமாட்டார்.

போட்டியுணர்வு அங்கு இல்லாமற் போய்விடவில்லை. அது மாட்டிடமே தங்கியது. குடாநாட்டிற் போலவே வன்னியிலும் மாட்டுவண்டிற் சவாரி பெருங்கூட்டத்தை ஈர்ப்பது. 2009இன் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் சவாரித் திடல்கள் மீண்டும் உயிர்பெற்றன. உழவை இயந்திரத்திடம் விட்ட பின்னர், எருது உழைப்பிலிருந்து விடுபட்டு மதிப்பின் சின்னமாயிற்று. மேலைநாட்டிற் பழைய இயந்திரம் அடைந்த இடத்தை வன்னியில் எருது அடைந்தது எனலாம். ஆணி பொருத்திய கம்பாற் குத்துதல் போன்ற கொடுமைகள் இச்சவாரியிற் கண்டிக்கப்பட வேண்டியவை. அதேவேளை, கருவி ஒன்று உற்பத்தியிலிருந்து விலகும்போது அது விளையாட்டாகின்றது என்ற பொது விதிக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

போரும் பெட்டியும்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை எரிபொருளையும் உதிரிப்பாகங்களையும் தடுத்தது. இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் இயங்கப் பழக்கப்பட்டன. பல இடங்களில் எருதும் மண்வெட்டியும் மீண்டும் வயலுக்கு வந்தன. இயந்திரமயமாக்கம் எப்போதும் முன்னோக்கியே செல்லும் என்ற எளிய வளர்ச்சிக் கோட்பாட்டை இவ்வனுபவம் மறுக்கின்றது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து பெயர்ந்த மக்களுட் பெருந்தொகையினர் வன்னியை அடைந்தனர். 1996 செப்ரெம்பரிற் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் கைக்குச் சென்றது. 1998 செப்ரெம்பரில் மீண்டும் கைமாறியது. 1997 மேயில் வவுனியாவிலிருந்து தொடங்கிய 'ஜயசிக்குறு' நடவடிக்கை கண்டிவீதியின் இருமருங்கிலுமிருந்த கமங்களைக் குலைத்தது. ஒவ்வோர் இடப்பெயர்விலும் பெட்டி பூட்டிய இயந்திரமே குடும்பத்தையும் விதைநெல்லையும் கூரைத் தகரத்தையும் ஏற்றிச் சென்றது.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கித் தள்ளப்பட்ட மக்கள் பரந்தன்–முல்லைத்தீவு வீதி வழியே நகர்ந்தனர். 2009 சனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. அதன் பின்னர் புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என ஒடுங்கிய நிலத்தில், பெட்டி வீடாகவும் நோயாளர் வண்டியாகவும் பிணவண்டியாகவும் பயன்பட்டது. மேயிற் போர் முடிந்தபோது மக்கள் வெறுங்கையோடு வெளியேறினர். இயந்திரங்கள் எரிந்தும் துருப்பிடித்தும் அங்கே கிடந்தன. மூன்று தலைமுறைச் சேமிப்பின் பௌதிக வடிவம் இவ்வாறு சில மாதங்களில் அழிந்தது. மனித உயிரிழப்போடு ஒப்பிடுகையில் இது சிறிதே. ஆயினும் ஒரு கமச் சமூகத்தின் உற்பத்திச் சாதனங்கள் முற்றாக அழிந்தமை, பின்வந்த ஆண்டுகளின் கடன்பாட்டை விளக்குவதற்கு இன்றியமையாத செய்தியாகும்.

போருக்குப் பின்

செட்டிகுளத்துக்கு அண்மையிலிருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரை மீள்குடியேற்றம் படிப்படியாக நடந்தது. கண்ணிவெடி அகற்றப்படாத வயலில் இயந்திரத்தை இறக்க முடியவில்லை. சில இடங்களிற் காணியே படையினர் வசமிருந்தது. கேப்பாப்பிலவு மக்கள் 2017இல் தொடர் போராட்டத்தில் இறங்கியமை இதன் விளைவாகும். இந்திய அரசு வட மாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்களை அன்பளிப்பாக வழங்கியது. இவை தனியாருக்கன்றிக் கமநல சேவை நிலையங்கள், கமக்கார அமைப்புகள் வாயிலாகப் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் தேவை பெரிது. உழவு நாள்களோ சில. எனவே குத்தகைக் கடன் நிறுவனங்களின் 'லீசிங்' முறையில் இயந்திரம் வாங்குதல் பரவியது. ஒரு போகம் பிழைத்தால் தவணை தவறும். தவணை தவறினால் இயந்திரம் போகும். முன்னர் உழவுக்கூலியை நெல்லாகக் கேட்ட உள்ளூர் முதலாளியின் இடத்தில், தவணையைப் பணமாகக் கேட்கும் நிறுவனம் வந்து நிற்கின்றது. குடும்பத் தலைவனைப் போரில் இழந்த பெண்கள் இவ்வமைப்பில் மிகவும் நலிந்தவர்கள். அவர்களது வயல் இறுதியாகவே உழப்படுவதும், பிந்திய விதைப்பால் விளைவு குறைவதும் உழவுவலுவின் உடைமையோடு நேரடித் தொடர்புடையவை. 2022ஆம் ஆண்டின் டீசல் தட்டுப்பாட்டில், இயந்திரத்தை உடையவரும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றார்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளுக்கு நாம் வரலாம். வன்னியில் உழவு இயந்திரம் நிலம் மிகுந்து ஆள்வலு அருகிய குடியேற்றச் சமூகத்தின் தேவையாற் பிறந்தது. அது விளைச்சலைவிட உறவுகளையே ஆழமாக மாற்றியது. உழவுவலுவை உடையவர், இல்லாதவர் என்ற பழைய பிரிவு எருமைப் பட்டியின் காலத்திலிருந்து தவணைக் கடனின் காலம்வரை வடிவம் மாறித் தொடர்கின்றது. நிலச் சீர்திருத்தத்தோடு கருவியின் கூட்டுடைமையும் இணையாதவரை இப்பிரிவு மறையாது. கமக்கார அமைப்புகளின் பொது இயந்திரங்கள் எந்த ஒழுங்கில், யாருடைய வயலை முதலில் உழுகின்றன என்பது ஆராயப்பட வேண்டிய அரசியற் பிரச்சினையாகும்.

பிறிதொரு கடமையும் நமக்குண்டு. முதல் இயந்திரங்களைச் செலுத்திய சாரதிகளும், தடைக்காலத்தில் அவற்றை இயங்கவைத்த திருத்துநர்களும் முதுமை எய்திவிட்டனர். பலர் போரில் மடிந்தனர். இவர்களது அறிவு எந்த நூலிலும் பதியப்படவில்லை. எஞ்சியோரிடமிருந்து அதனைக் கேட்டுப் பதிவு செய்வதும், எஞ்சியுள்ள பழைய இயந்திரங்களுட் சிலவற்றையாயினும் இரும்புக் கடைக்குப் போகவிடாது பேணுவதும் பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்று, பொறியியற் துறைகள் கூடிச் செய்யவேண்டிய பணியாகும். ஏட்டையும் கல்வெட்டையும் போலவே, சேறு படிந்த ஒரு கலப்பைக் கொழுவும் தமிழர் வரலாற்றின் மூலாதாரமே.